வரிப் பேரத்தில் ஐரோப்பா பணிந்தது ஏன்? பாதுகாப்புச் செலவைக் கூட்டினால் அமெரிக்காவின் பிடி தளருமா?

தெற்குக்காற்று கேட்டது:

சில மாதங்களாகவே இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

2025 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில், டிரம்பின் சொந்த கோல்ஃப் விடுதியில், ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஊர்சுலா ஃபொன் டெர் லையன் ஓர் ஒப்பந்தத்துக்குக் கைகொடுத்தார். ஐரோப்பியப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்காவில் 15% வரி, அமெரிக்கத் தொழிற்சாலைப் பொருட்களுக்கு ஐரோப்பாவில் வரியே கிடையாது. அதுபோக 2028க்குள் 75,000 கோடி டாலருக்கு எரிசக்தி வாங்குவோம், 60,000 கோடி டாலர் முதலீடு வரும் என்று வாக்குறுதிகள். ஆகஸ்டில் வந்த கூட்டறிக்கையில் அமெரிக்க ஆயுதங்களைக் கணிசமாகக் கூடுதலாக வாங்கத் திட்டமிருப்பதாக ஒரு வரியும் இருந்தது. எஃகு, அலுமினியத்தின் 50% வரி மட்டும் அப்படியே நின்றது.

45 கோடி மக்கள் வாழும் சந்தை இது. 9,300 கோடி யூரோ மதிப்புள்ள அமெரிக்கப் பொருட்களுக்குப் பதிலடி வரி போட ஒரு பட்டியல் தயாராகவே இருந்தது, ஆனால் அது ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. அப்புறம் 2026 ஜனவரியில், டென்மார்க் வசமுள்ள கிரீன்லாந்தை டிரம்ப் கேட்ட விவகாரம்: டென்மார்க் உள்ளிட்ட எட்டு நாடுகளுக்கு பிப்ரவரி 1 முதல் 10%, ஜூன் முதல் 25% வரி என்று மிரட்டல் வந்தது, நான்கே நாட்களில் அது திரும்பப் பெறவும் பட்டது. அதே மாதம் நேட்டோ பொதுச்செயலாளர் மார்க் ருட்டே ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் போய், அமெரிக்கா இல்லாமல் ஐரோப்பா தன்னைக் காத்துக்கொள்ள முடியும் என்று நினைப்பவர்கள் கனவு காண்கிறார்கள் என்றார்.

என் சந்தேகம் இரண்டு. வர்த்தகத்தில் இவ்வளவு பெரிய கை, பாதுகாப்புக்குப் பயந்துதான் மடங்கியதா? அப்படியானால், இப்போது எல்லோரும் நாட்டு உற்பத்தியில் 5% பாதுகாப்புக்குச் செலவு செய்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார்களே, அந்தப் பணமும் அமெரிக்க ஆயுதங்களுக்கே போனால் குடுமி இன்னும் இறுகத்தானே செய்யும்?


நடுக்கடல் பதில்:

முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். ஆம், பாதுகாப்பு பெரிய காரணம். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2025 மார்ச் தொடக்கத்தில் உக்ரைனுக்கான ஆயுதத்தை அமெரிக்கா நிறுத்தியது, கூடவே உளவுத் தகவலையும் நிறுத்தியது. ஜெத்தாவில் பேச்சு நடந்து திரும்பக் கிடைக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை ஐரோப்பியத் தலைநகரங்களில் யாரும் மறக்கவில்லை. ஜூனில் நேட்டோவின் ஹேக் மாநாட்டில் 2035க்குள் 5% என்று ஒப்புக்கொண்டார்கள் (3.5% நேரடி ராணுவச் செலவு, மீதி 1.5% சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு மாதிரியான துணைச் செலவு). ஜூலையில் டர்ன்பெரி. மறுநாள் வர்த்தக ஆணையர் மரோஷ் ஷெஃப்சோவிச் செய்தியாளர்களிடம் இது வர்த்தகம் மட்டுமல்ல, பாதுகாப்பும் உக்ரைனும் இதில் இருக்கிறது என்று ஒளிக்காமலே சொன்னார். பேரம்பேசப் போனவரே சொன்னபிறகு நாம் ஊகிக்க எதுவும் இல்லை.

இது புதிதும் அல்ல. 1960களில் மேற்கு ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படைகளுக்கு ஆகும் டாலர் செலவை ஈடுகட்ட ஜெர்மனி அமெரிக்க ஆயுதங்களை வாங்கியாக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. 1966 செப்டம்பரில் அந்தச் சுமையைக் கொஞ்சம் தள்ளிப்போடக் கேட்டு மேற்கு ஜெர்மன் சான்சலர் லுட்விக் எர்ஹார்ட் வாஷிங்டன் போனார், அமெரிக்க அதிபர் ஜான்சன் இறங்கி வரவில்லை. அடுத்த மாதமே பட்ஜெட் சண்டையில் எர்ஹார்டின் கூட்டணி உடைந்தது, டிசம்பரில் வேறு ஆள் சான்சலர். அதே பத்தாண்டில்தான் கோழிச் சண்டையும் நடந்தது. ஐரோப்பிய பொருளாதாரச் சமூகம் 1962இல் அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்ற, 1963 டிசம்பரில் ஜான்சன் இறக்குமதியாகும் சிறு சரக்கு வண்டிகளுக்கு 25% வரி போட்டார். கோழிப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது, அந்த 25% அறுபது ஆண்டு தாண்டி இன்றும் இருக்கிறது. 15% என்பது தற்காலிகம், ஆட்சி மாறினால் போய்விடும் என்று சொல்பவர்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். போட்ட வரியின் நிழலில் வளர்ந்த தொழில் அதை எடுக்க விடாது.

ஆனால் பாதுகாப்பு ஒன்றே காரணம் என்று விட்டால் பாதிக் கதைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் 27 பயம். அப்போது கார்களுக்கு மொத்தம் 27.5% வரி விழுந்துகொண்டிருந்தது, ஜெர்மனிக்கு அதைக் குறைத்தால் போதும். அயர்லாந்துக்கு மருந்து ஏற்றுமதி. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் ஒயின். அதற்கு 200% போடுவேன் என்று மார்ச்சிலேயே டிரம்ப் சொல்லியிருந்தார். பதிலடி கொடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், என் பொருள் மாட்டாமல் கொடுங்கள் என்றும் சொல்வார்கள்.

கணக்கில் ஒன்று கவனியுங்கள். 2024இல் பொருள் வர்த்தகத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அமெரிக்காவோடு சுமார் 19,800 கோடி யூரோ உபரி. சேவைகளில் சுமார் 14,800 கோடி யூரோ பற்றாக்குறை. டிரம்ப் முதல் எண்ணை மட்டும்தான் பேசுவார். ஐரோப்பாவின் உண்மையான பிடி இரண்டாவது எண்ணில் இருக்கிறது: கிளவுட், விளம்பரம், மென்பொருள் உரிமம், பணப் பரிமாற்றம். பொருளுக்குப் பொருள் வரி போட்டால் விற்பவர் ஐரோப்பா என்பதால் நஷ்டம் இவர்களுக்குத்தான் கூடுதல். சேவையில் கைவைத்தால் வலி அங்கே. அதில் கைவைக்கத்தான் துணிவு வரவில்லை.


பட்டறைவாசி பதில்:

நான் ஜெர்மனியில் லேத் வேலை செய்கிறேன், இருபது வருடமாகக் காருக்கான உதிரிபாகம்தான். இப்போது எங்கள் தொழிலில் எங்கு திரும்பினாலும் குண்டு உடல் கடைந்து தரமுடியுமா என்ற பேச்சு. அதனால் இரண்டாவது கேள்விக்கு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பணம் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் ஜெர்மனி அரசியல் சட்டத்தையே திருத்தி, நாட்டு உற்பத்தியில் 1%க்கு மேல் போகும் ராணுவச் செலவைக் கடன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. பணத்தை ஒரே வாக்கெடுப்பில் கொண்டுவந்துவிடலாம், 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டை அப்படிக் கொண்டுவர முடியாது.

ஒரு குண்டு சுமார் 45 கிலோ. எஃகுத் தண்டை அறுத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, பெரிய அழுத்தியில் வைத்துக் குத்தித் துளைத்து, நீட்டி, மூக்கைக் குவித்து, வெப்பப் பதம் கொடுத்து, பிறகு கடைசல். இதுவரை காருக்கு வேலை செய்தவன் கற்றுக்கொள்வான், சிரமம் இல்லை. பின்பக்கம் ஒரு செம்பு வளையம் இறுக்குவார்கள், குழலுக்குள் சுழலைப் பிடிப்பது அதுதான். கஷ்டம் உள்ளே நிரப்புவதில். டிஎன்டி என்ற வெடிமருந்து சுமார் 80 டிகிரியில் உருகும், உருக்கி ஊற்றி மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்றுக்குழி விழும், அப்படி ஒரு குழி இருந்தால் சுடும்போது குழலுக்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். இந்த ஆறும் நேரத்தை எந்த மந்திரியாலும் சுருக்க முடியாது. நிரப்பும் கூடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்க வேண்டும், சுற்றி மண்மேடு வேண்டும், அனுமதி வேண்டும், பக்கத்து ஊர் சம்மதம் வேண்டும்.

2023 மார்ச்சில் 12 மாதத்தில் உக்ரைனுக்குப் பத்து லட்சம் குண்டு தருவோம் என்று ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. கெடு முடியும்போது பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தார்கள், 2024 முடிவை ஒட்டித்தான் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். அதே நேரத்தில் ஜெர்மன் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டல் உன்டர்லூஸில் புதுத் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டு 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது. 2027இல் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குண்டு என்பது இலக்கு. எனவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை, முடிகிறது. நேரம்தான் கேட்கிறது.

இன்னொன்று. குண்டைத் தள்ளும் உந்துமருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அதன் மூலப்பொருள் பருத்திக் கொட்டையில் பஞ்சு எடுத்தபின் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழை. ஐரோப்பா அதில் பெரும்பகுதியைச் சீனாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது! அமெரிக்காவிடமிருந்து விடுபடுவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அடியில் இன்னொரு கயிறு கிடக்கிறது. மரக்கூழிலிருந்து எடுக்கும் வழிக்கு இப்போது மாறிக்கொண்டிருக்கிறார்கள், பிரான்சில் பெர்ஷராக்கில் கைவிட்ட உந்துமருந்துத் தயாரிப்பைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள்.

அப்புறம் இதைப் பலரும் கவனிப்பதில்லை: அமெரிக்கா சொந்தமாக டிஎன்டி செய்வதை 1986இலேயே நிறுத்திவிட்டது. இப்போது கென்டக்கியில் புது ஆலை கட்டுகிறார்கள். அதுவரை எங்கிருந்து வாங்குகிறார்கள் தெரியுமா? போலந்தில் பிட்கோஷ்ச் நகரத்து நைட்ரோ-கெம் ஆலையிலிருந்து. கயிறு ஒரு பக்கம் மட்டும் கட்டியிருக்கவில்லை.


ரேடார்நிழல் பதில்:

பட்டறைவாசி சொன்னது குண்டுக்குச் சரி. ஆனால் ஐரோப்பாவை மேசையில் பலவீனமாக்குவது குண்டு அல்ல, வானம்.

அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் பொத்தானை அழுத்தினால் விமானம் நின்றுவிடும் என்று 2025 மார்ச்சில் பெரிய வதந்தி ஓடியது, அப்படிப் பொத்தான் எதுவும் இல்லை என்று பெண்டகனின் எஃப்-35 அலுவலகம் மறுத்தது. பொத்தான் தேவையும் இல்லை என்பதுதான் என் பயம். அந்த விமானம் பறந்து போகும் இடத்தில் எந்த ரேடார் எந்த அலைவரிசையில் பேசும், எதை எதிரி என்று காட்ட வேண்டும் என்பதெல்லாம் ஒரு தரவுக் கோப்பில் இருக்கிறது. பங்காளி நாடுகள் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கோப்பு புளோரிடாவில் எக்லின் விமானத் தளத்து ஆய்வகங்களில் தயாராகிறது. எதிரி ரேடாரை மாற்றினால் கோப்பையும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு வரவில்லை, உதிரிபாகம் வரவில்லை என்றால் விமானம் அன்றைக்கே விழாது, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குருடாகும். வர்த்தகப் பேச்சில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், அது போதும்.

ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனக் கணக்குப்படி 2020–24இல் ஐரோப்பிய நேட்டோ நாடுகள் இறக்குமதி செய்த ஆயுதத்தில் 64% அமெரிக்காவுடையது. அதற்கு முந்தைய ஐந்தாண்டில் 52%. இதைத் தவறாகப் படிக்கிறார்கள், அதனால் ஒரு வார்த்தை: இது இறக்குமதியில் பங்கு, மொத்தக் கொள்முதலில் பங்கு அல்ல. சொந்த நாட்டிலேயே செய்து வாங்கியது இதில் வராது. ஐரோப்பாவின் போட்டித்திறன் பற்றிய ட்ராகி அறிக்கை 2022 நடுவிலிருந்து ஓராண்டுக் கொள்முதலில் 78% ஒன்றியத்துக்கு வெளியே போனது என்றது. லண்டனின் ஐஐஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் வேறு விதமாக, நீண்ட காலத்துக்கு எண்ணி, பாதிக்கு மேல் ஐரோப்பியத் தயாரிப்புக்கே போனது என்றார்கள். ஆகவே யாராவது ஒரே ஒரு சதவீதத்தைக் காட்டி முடிவுரை எழுதினால் நம்பாதீர்கள்.

தெற்குக்காற்று கேட்ட "பணம் அங்கேயே போனால்" என்பதற்கு ஒன்றியம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2025 மே 27 அன்று நிறைவேறிய சேஃப் என்ற கடன் திட்டம், 15,000 கோடி யூரோ. அதில் வாங்கும் பொருளின் மதிப்பில் 65% ஒன்றியம், உக்ரைன், நார்வே மாதிரியான கூட்டு நாடுகளிலிருந்து வர வேண்டும். எல்லோரும் 65ஐத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு விதி: வான்பாதுகாப்பு மாதிரியான சிக்கலான கருவிகளில் வடிவமைப்பை மாற்றும் உரிமை வெளிநாட்டு அனுமதி இல்லாமல் ஐரோப்பியத் தயாரிப்பாளரின் கையில் இருக்க வேண்டும். அதாவது திருகாணி எங்கே செய்தது என்பதைவிட, நாளைக்கு மென்பொருளைத் திறந்து திருத்த யாரைக் கேட்க வேண்டும் என்பது. சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வேன்.

டென்மார்க் செய்ததைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் நெடுந்தூர வான்பாதுகாப்புக்கு அமெரிக்கப் பேட்ரியட்டை விட்டுவிட்டு பிரெஞ்சு-இத்தாலியத் தயாரிப்பான சாம்ப்-டியைத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் அதே டென்மார்க் இன்னும் 16 எஃப்-35 வாங்குவதாக அறிவித்தது. கிரீன்லாந்துக்காக மிரட்டப்படும் நாடே இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஐரோப்பாவில் ரேடாருக்கு எளிதில் சிக்காத அந்த வகை விமானம் விற்க யாரிடமும் இல்லை. பிரான்சும் ஜெர்மனியும் ஸ்பெயினும் சேர்ந்து செய்யவேண்டிய அடுத்த தலைமுறை விமானம் யார் தலைமை என்ற சண்டையில் வருடக்கணக்காகச் சிக்கிக் கிடக்கிறது. இதை நினைத்தால் உண்மையிலேயே வயிறு எரிகிறது.


விஸ்துலாக்கரை பதில்:

போலந்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், எல்லா நேட்டோ நாடுகளிலும் உற்பத்தியில் அதிகப் பங்கை ராணுவத்துக்குச் செலவிடும் நாடுகளில் ஒன்று, 4%க்கும் மேல். இங்கிருந்து பார்த்தால் இந்த விவாதமே வேறு மாதிரி தெரியும். ஏன் அமெரிக்க டாங்கி, கொரிய டாங்கி என்று பாரிஸில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு என் பதில்: நீங்கள் அப்போது எதைக் கொடுத்தீர்கள்?

2022இல் போலந்து தன் பழைய டாங்கிகளை நூற்றுக்கணக்கில் உக்ரைனுக்கு அனுப்பியது. கிடங்கு காலி. ஜெர்மன் லெப்பர்டு கேட்டால் வரிசையில் நில்லுங்கள், பல வருடம் ஆகும் என்ற நிலை. கொரியாவோடு அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டார்கள், டிசம்பர் தொடக்கத்தில் கிடினியா துறைமுகத்தில் முதல் கே2 டாங்கிகளும் கே9 பீரங்கிகளும் கப்பலிலிருந்து இறங்கின. நான்கே மாதம். என் கூட வேலை பார்ப்பவரின் மகன் ராணுவத்தில் இருக்கிறான், அவர் அந்தப் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு அலுவலகம் முழுக்கக் காட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மனிதரிடம் போய் ஐரோப்பியத் தன்னிறைவு பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

அமெரிக்க ஆயுதம் வாங்குவது இங்கே வெறும் கருவி வாங்குவது இல்லை, அமெரிக்கப் படை இங்கேயே நிற்கட்டும் என்பதற்கான சந்தா. அது புத்திசாலித்தனமா என்று கேட்டால், கிரீன்லாந்து மிரட்டலுக்குப் பிறகு இங்கேயும் பலர் யோசிக்கிறார்கள். ஆனாலும் ஒரு கட்டை உடைந்திருக்கிறது என்பதற்காகப் புதுப் படகு கட்டி முடியும் முன்னே நடு ஆற்றில் பழைய படகை விட்டு இறங்க முடியாது. சேஃப் கடனில் மிகப் பெரிய பங்கு, 4,370 கோடி யூரோ, போலந்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறார்கள்.


ரேடார்நிழல் பதில்:

விஸ்துலாக்கரை, நீங்கள் சொன்ன டாங்கிக் கணக்கை ஏற்கிறேன், 2022இல் வேறு வழி இருக்கவில்லை. சந்தா என்று சொன்னீர்களே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. சந்தா கட்டியவருக்கு ஒப்பந்தம் இருக்கும். சுவிட்சர்லாந்து 36 எஃப்-35க்கு நிலையான விலை என்று நம்பிக் கையெழுத்திட்டது. 2025இல் விலை நிலையானதல்ல, கூடுதலாகத் தர வேண்டும் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. அதே கோடையில் சுவிஸ் பொருட்களுக்கு 39% வரியும் விழுந்தது. நவம்பரில் 15%க்கு இறக்க ஒப்புக்கொண்டார்கள், அது வேறு. ஆயுதம் வாங்கியதால் வரியில் சலுகை கிடைக்கும் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை.


தெற்குக்காற்று:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக குண்டு ஆறும் கதை. டிஎன்டி விஷயம் படித்ததும் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்கா ஐரோப்பாவை நம்பியிருக்கும் இடங்கள் வேறு என்னென்ன? அப்படி இருந்தால் அதை ஏன் பேரத்தில் பயன்படுத்தவில்லை? செய்தியில் அடிக்கடி பசூக்கா, பசூக்கா என்கிறார்களே, அது எதற்கு?


நடுக்கடல் பதில்:

இருக்கிறது, எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் கனமானது.

மிகப் பெரியது நெதர்லாந்தின் வெல்டோவனில் இருக்கும் ஏஎஸ்எம்எல். மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் அதீத புறஊதா ஒளி இயந்திரத்தை உலகத்தில் அவர்கள் மட்டும்தான் செய்கிறார்கள். உள்ளே நடப்பது இது: நொடிக்கு ஐம்பதாயிரம் துளி உருகிய வெள்ளீயம் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துளியையும் லேசர் அடித்து ஒளிரும் வாயுவாக்கும். அந்த ஒளியைக் கண்ணாடிகள் ஏந்தி சிலிக்கான் தகட்டில் வரையும். லேசர் ஜெர்மனியின் ட்ரம்ப்ஃப் நிறுவனத்துடையது, கண்ணாடிகள் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துடையவை. அமெரிக்க மண்ணில் எழும் அதிநவீன சில்லு ஆலைகளுக்கு இந்த இயந்திரம் வேண்டும், அதைப் பராமரிக்கும் ஆட்களும் வேண்டும். ஆனால் அந்த ஒளி மூலப் பகுதி சான் டியகோவில் செய்யப்படுகிறது. ஏஎஸ்எம்எல் 2013இல் வாங்கிய சைமர் நிறுவனம் அது. ஆகவே ஐரோப்பா இதை நிறுத்தினால் அமெரிக்கா அதை நிறுத்தும், இரண்டு பேரும் இருட்டில். மிரட்டலாக வைத்திருக்கலாம், சுட முடியாது.

மற்றவை: ஜெர்மனியின் ராம்ஸ்டைன், ஸ்பெயினின் ரோட்டா தளங்கள். மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்க ராணுவம் செய்யும் வேலைக்கு அவைதான் வாசற்படி. அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் டாங்கியின் 120 மில்லிமீட்டர் பீரங்கி ரைன்மெட்டலின் வடிவமைப்பு. ஆர்க்டிக்குக்கு வேண்டிய பனியுடைப்புக் கப்பலை அமெரிக்கக் கப்பல்கட்டும் தளங்களால் நேரத்துக்குத் தர முடியவில்லை. 2025 அக்டோபரில் பின்லாந்தோடு உடன்பாடு செய்து நான்கு கப்பல்களை அங்கேயே கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கிரீன்லாந்துக்காகச் சண்டை போடும் அதே நேரத்தில் என்பதைக் கவனியுங்கள்.

பசூக்கா என்பது வற்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம், 2023 டிசம்பர் 27 முதல் அமலில். தைவான் விவகாரத்தில் லிதுவேனியாவைச் சீனா வர்த்தகத்தால் நெருக்கியதுதான் அதற்கான பெரிய உந்துதல். ஒரு நாடு வரி, தடை என்று மிரட்டி ஒன்றியத்தின் முடிவை மாற்றப் பார்த்தால் பதிலுக்குப் பொருள், சேவை, அரசுக் கொள்முதல், முதலீடு, காப்புரிமை என எதில் வேண்டுமானாலும் கட்டுப்பாடு போடலாம். நான் முன்னே சொன்ன சேவைப் பற்றாக்குறையை ஆயுதமாக்கும் கதவு இதுதான். ஏகமனதும் தேவையில்லை, 27இல் 15 நாடுகள், மக்கள் தொகையில் 65% இருந்தால் போதும். ஆனால் ஆணையம் விசாரிக்க நான்கு மாதம் வரை, நாடுகள் முடிவெடுக்க எட்டு வாரம், பிறகு எதிர்த்தரப்போடு பேச்சு. நள்ளிரவில் சமூக ஊடகத்தில் அறிவிக்கும் வரிக்கு இந்த வேகம் போதாது. இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

ஜனவரியில் அந்தப் பேச்சு நிஜமாகவே மேசைக்கு வந்தது, ஐரோப்பிய நாடாளுமன்றமும் டர்ன்பெரி ஒப்பந்தத்துக்கான சட்ட வேலையை நிறுத்திவைத்தது, ஜனவரி 20 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தை பலமாகச் சரிந்தது. மறுநாள் மிரட்டல் போய்விட்டது. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜூலையில் இல்லாத ஒன்று ஜனவரியில் இருந்தது என்று மட்டும் சொல்வேன்: அப்போது கேட்டது காசு, இப்போது கேட்டது நிலம். நிலம் என்றதும் 27 பயமும் ஒன்றாகிவிட்டது.


தெற்குக்காற்று:

அப்படியானால் 5% பணத்தில் முதலில் எதை வாங்கினால் அடுத்த பேச்சுவார்த்தையில் தலை நிமிரும்? ஒரே ஒன்றைச் சொல்லுங்கள்.


ரேடார்நிழல் பதில்:

கண். செயற்கைக்கோள். புரூகல், கீல் என்ற ஆய்வு நிறுவனங்கள் 2025 பிப்ரவரியில் போட்ட கணக்கில் அமெரிக்கா இல்லாமல் நிற்க மூன்று லட்சம் கூடுதல் வீரர்கள், ஆண்டுக்கு 25,000 கோடி யூரோ வேண்டும் என்றார்கள், அதெல்லாம் பத்து வருட வேலை. மார்ச்சில் உக்ரைனை ஒரு வாரத்தில் உலுக்கியது வீரர் பற்றாக்குறை அல்ல, படமும் தகவலும் நின்றதுதான். அது சில வருடத்தில் சரிசெய்யக்கூடியது. ஒன்றியத்தின் ஐரிஸ்-2 திட்டம் சுமார் 290 செயற்கைக்கோள், ஆனால் அது தொடர்புக்கு, அதுவும் 2030 வாக்கில்தான். பார்க்கும் கண் அதைவிட அவசரம்.


விஸ்துலாக்கரை பதில்:

இதில் நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம், ரேடார்நிழல். 2025 மே மாதம் போலந்து மூன்று ரேடார் செயற்கைக்கோளுக்குக் கையெழுத்திட்டது, மேகத்துக்கு அடியிலும் இரவிலும் பார்க்கும் வகை. விற்றது பின்லாந்தின் ஐசை நிறுவனம். மார்ச் நடந்து இரண்டே மாதத்தில் கையெழுத்து, முதல் ஒன்று அந்த நவம்பரிலேயே மேலே போய்விட்டது. ஏவியது மட்டும் கலிபோர்னியாவிலிருந்து, ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில்.